இனிக் குனியலாம்

வெள்ளக்கடையில் என் மாமா வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில் காலண்டர், இன்னொன்றில் இடுப்புப் பெல்ட். ஓரமெல்லாம் நூல் பிரிந்து, வியர்வையில் வெளிறிப்போன கறுப்புப் பெல்ட். காலையில் சட்டை போடுமுன் மாட்டினால் ராத்திரி படுக்கும்போதுதான் கழற்றுவார். “ஆறு வாரத்துக்குப் போட்டுக்கச் சொன்னாங்க” என்றார் அத்தை. அப்படிச் சொல்லி நாலு வருஷம் ஆகிவிட்டது.

மாமாவுக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு ஏக்கர் காப்பி, நிழலுக்குச் சில்வர் ஓக், அதன்மேல் ஏறிய மிளகுக்கொடி. சேர்வராயன் மலையின் சிறு தோட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு தை மாதம் மிளகு மூட்டையைத் தூக்கித் தோளில் சாய்க்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. இரண்டு வாரத்தில் வலி இடது தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கால் கட்டைவிரல்வரை மின்னலாய் வெட்டியது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முனகிக்கொண்டே சேலத்துக்கு இறங்கினார். ஸ்கேன் எடுத்தார்கள். நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மூன்று மாதம் மாத்திரையில் பார்த்துவிட்டு அறுவை செய்தார்கள். மறுநாளே கால்வலி போய்விட்டது. டாக்டர் கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு.

எட்டு மாதம் கழித்து இடுப்பு வலிக்கத் தொடங்கியது. இது வெட்டுகிற வலியில்லை, கனக்கிற வலி. காலையில் எழும்போது கதவுக் கீல் துருப்பிடித்தாற்போல் ஒரு இறுக்கம். மறுபடி ஸ்கேன். ஒரு மருத்துவர் “பிளேட் வைத்து ஸ்க்ரூ போட வேண்டியிருக்கும்” என்றார். இன்னொருவர் “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, மனசைத் தளர விடாதீங்க” என்றார். மாமா இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். “ஒருத்தர் திருப்பி வெட்டணுங்கிறார். இன்னொருத்தர் வலியே இல்லைங்கிறார். நான் எதை நம்பறது மாப்ள?”

அவர் கேட்டது வெள்ளக்கடையோடு நிற்கிற கேள்வியில்லை. முதுகெலும்பு அறுவை செய்துகொண்டவர்களில் பத்துக்கு ஒருவரிலிருந்து நான்கு பேர்வரை வலி தொடர்வதாக ஆய்வுகள் சொல்லுகின்றன. என்ன அறுவை, எந்த வயது, எதை வலி என்று கணக்கில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அது பெரிய கூட்டம். மறுபடி கத்தி வைக்காமல் இவர்களுக்கு என்ன செய்ய முடியும் என்று சில மாதங்களாகப் படித்தும் கேட்டும் வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய குழப்பம். 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், பிதுங்கிய ஜவ்வு நரம்பு வேரை அழுத்துவதால்தான் காலில் வலி இறங்குகிறது என்று காட்டினார்கள். பிதுங்கியதை எடுத்தால் கால்வலி போகும் என்பதும் தெரிந்தது. இன்று உலகெங்கும் நடக்கிற ஜவ்வு அறுவையின் பிறப்பு அதுதான். அது கால்வலிக்கான அறுவை. இடுப்புவலியைத் தீர்ப்பதாக அது என்றைக்கும் உறுதி கொடுத்ததில்லை; சிலருக்குக் கூடவே குறையும், அவ்வளவுதான். ஆனால் கையெழுத்துப் போடுகிறவருக்குக் கால்வலி வேறு, இடுப்புவலி வேறு என்று யார் எடுத்துச் சொல்கிறார்கள்? “ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்” என்ற ஒற்றை வாக்கியத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன. மாமாவின் அறுவை தோற்கவில்லை. எதற்காகச் செய்தார்களோ அதைச் செய்து முடித்தது. அதைக்கூட அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த நிலைக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் வைத்திருந்த பெயர் ‘தோற்றுப்போன முதுகு அறுவை நோய்க்குறி’. நோயாளி காதில் விழக்கூடாத பெயர். தோற்றது யார்? டாக்டரா, முதுகா, நானா? 2021இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு இதை மாற்றி ‘நீடித்த முதுகெலும்பு வலி நோய்க்குறி, இரண்டாம் வகை’ என்று வைக்கச் சொன்னது. அறுவை செய்யாமலே நீடிக்கிற வலி முதல் வகை, செய்த பிறகும் நீடிப்பது இரண்டாம் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் முதுகெலும்பு அறுவைக்குப் பிந்தைய நாள்பட்ட வலி தனி இடம் பெற்றிருக்கிறது. பெயர் மாறினால் வலி போகாதுதான். ஆனாலும் குற்றவாளியைத் தேடுவதை விட்டுக் காரணத்தைத் தேடத் தொடங்குகிறோம்.

காரணம் ஒன்றாக இருப்பதில்லை, இங்கேதான் சிக்கல். எடுத்த இடத்திலேயே மீதி ஜவ்வு மறுபடி பிதுங்கலாம். நரம்பு வெளியேறும் துவாரம் எலும்பு வளர்ச்சியால் குறுகியிருந்து, அதை அறுவையில் விரிக்காமல் விட்டிருக்கலாம். வெட்டிய இடம் ஆறும்போது வளர்கிற தழும்புத் திசு நரம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம். தழும்பு எல்லோருக்கும் வளர்கிறது, எல்லோருக்கும் வலிப்பதில்லை என்பதால் பழியை முழுக்க அதன்மேல் போடவும் முடியாது. பிளேட் வைத்து இரண்டு எலும்புகளை ஒன்றாக்கியவர்களுக்கு அசைவின் பாரம் மேலே உள்ள இணைப்புக்கோ, கீழே இடுப்பெலும்பும் திருவெலும்பும் சேரும் மூட்டுக்கோ போகிறது. பல வருஷம் கழித்து அங்கே புது வலி கிளம்பும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமலே போகும் வாய்ப்பு அதிகம். அறுவைக்கு முன் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் போன பிறகும் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருப்பதும் உண்டு.

பெரிதாக யாரும் பேசாத காரணம் தசை. முதுகெலும்பை ஒட்டி, கணுவுக்குக் கணு பின்னிக் கிடக்கும் சின்னத் தசைகள்தான் குனியும்போதும் நிமிரும்போதும் ஒவ்வொரு எலும்பையும் இடத்தில் நிறுத்துகின்றன. அறுவையில் அவற்றை ஒதுக்கித்தான் உள்ளே போக வேண்டும். அதன்பின் பெல்ட்டும் படுக்கையும் பயமும் சேர்ந்து அவற்றைச் சும்மா உட்காரவைத்தால், தசை மெலிந்து அந்த இடத்தில் கொழுப்பு படிகிறது. மாமாவை மாதிரி ஆட்களுக்கு இது இரட்டை இழப்பு. ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக, இடுப்பில் கூடை கட்டி, நாள் முழுக்க காப்பிப் பழம் பறித்த உடம்பு அது. அந்தச் சரிவு கொடுத்த வலுவை நாலு வருஷத்தில் திண்ணை வாங்கிக்கொண்டது.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்லப் பக்கத்து மலைக்குப் போக வேண்டும். பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கில மிஷனரிகள். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளைக் கவனித்தபோது அவர் கண்டதுதான் அவருக்கு உலகப் பெயரைக் கொடுத்தது. விரல்கள் நோயால் தாமாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் சிதைகின்றன. வலி காவல்நாய் மாதிரி, அது குரைக்காவிட்டால் வீடு போய்விடும் என்பதை அவர் நோயாளிகளின் கைகளிலிருந்து படித்தார். மாமாவின் நிலை இதற்கு நேர் எதிர். திருடன் போய் நாலு வருஷமாகியும் நாய் குரைப்பதை நிறுத்தவில்லை, காற்றுக்கும் குரைக்கிறது. நாள்பட்ட வலியில் தண்டுவடமும் மூளையும் சமிக்ஞைகளைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகின்றன. வலிச் சமிக்ஞைக்குத் தண்டுவடத்திலேயே ஒரு கதவு உண்டு, அது திறக்கலாம், மூடலாம் என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் சொன்னார்கள். அதற்குப் பிறகு ‘வலி என்றால் அங்கே ஏதோ உடைந்திருக்கிறது’ என்ற நேர்க்கோட்டுக் கணக்கு செல்லாமல் போனது. ‘மனசைத் தளர விடாதீங்க’ என்ற மருத்துவர் சொல்ல வந்தது ஒருவேளை இதுவாக இருக்கலாம். ஆனால் மாமா காதில் ‘உனக்கு வலியே இல்லை’ என்றுதான் விழுந்தது. பெருகிய வலியும் உண்மையான வலிதான். நடிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை.

இத்தனை காரணங்களில் எது என்று ஸ்கேன் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. தழும்பா, மறுபடி பிதுங்கிய ஜவ்வா என்று பிரிக்க, சாய மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. உதவும். ஆனால் ‘தேய்மானம்’, ‘ஜவ்வு வீக்கம்’ என்ற சொற்களைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை வைத்து வந்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. நரை மாதிரி அதுவும் வயதின் அடையாளம்.

கத்தி இல்லாத வழிகளைப் பேசுமுன், கத்தியோ அவசர சிகிச்சையோ தேவைப்படும் நேரங்களைச் சொல்லியாக வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது, காய்ச்சலோடு முதுகுவலி, அறுவைத் தழும்பில் சீழ், காரணமின்றி உடல் இளைப்பது. இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச நேரமில்லை. மலையாக இருந்தாலும் அன்றைக்கே இறங்க வேண்டும்.

அவை எதுவும் இல்லையென்றால் பெரும்பாலோர் கைக்கு முதலில் வருவது மாத்திரை. மாமாவின் தகர டப்பாவில் நான்கு வகை இருந்தன. வீக்கம் குறைக்கும் வலி மாத்திரைகள் சில நாள் உதவும். வருஷக்கணக்கில் போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரெகாபலின், காபாபென்டின் இரண்டும் நரம்பு எரிச்சலுக்கு என்று தாராளமாக எழுதப்படுகின்றன. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு பிரெகாபலின் கொடுத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு வலி குறையவில்லை, தலைசுற்றல்தான் அதிகம். அறுவைக்குப் பிந்தைய எரிச்சலில் சிலருக்கு அது உதவலாம். ஆனால் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பயனில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு மெல்லக் குறைத்து நிறுத்துவதுதான் முறை. மாமா அதை மூன்று வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தார், யாரும் நிறுத்தச் சொல்லாததால். டிராமடால் போன்ற அபினி வகை மருந்துகள் நாள்பட்ட முதுகுவலிக்குச் சரிப்படா. பழக்கமாகிவிடும், மலச்சிக்கல் வேறு.

அடுத்தது ஊசி. முதுகெலும்பின் அடிவாலில் உள்ள துவாரம் வழியாக நரம்புகளைச் சுற்றி மருந்து செலுத்துவது, ஏற்கெனவே அறுவை நடந்த முதுகுக்கு வசதியான பாதை, தழும்பைத் துளைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் லக்ஷ்மையா மஞ்சிகண்டி குழு இத்தகைய நோயாளிகளிடம் பார்த்ததில், மரத்துப்போகும் மருந்து மட்டும் போட்டவர்களுக்கும் அதோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டவர்களுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். தழும்பை இளக்க மெல்லிய குழாயை உள்ளே நுழைத்துத் திரவம் பாய்ச்சும் முறையை டெக்சஸில் கேபர் ராட்ஸ் புகுத்தினார். சிலருக்குச் சில மாதம் நிம்மதி. என் கணிப்பில் ஊசியின் உண்மையான பயன் வேறு: வலி தணிந்திருக்கும் அந்தச் சில வாரத்தில் எழுந்து நடக்க முடிகிறதே, அதுதான். ஊசி போட்டுவிட்டுப் படுத்திருந்தால் காசு போனதுதான் மிச்சம். முதுகெலும்பின் எந்த மூட்டு வலிக்கிறது என்று கண்டுபிடிக்கவும் ஊசி உதவும். மூட்டு நரம்பை ரேடியோ அலைச் சூட்டால் மரக்கச்செய்யும் சிகிச்சையோ, நெதர்லாந்தில் பெரிய அளவில் சோதித்து 2017இல் வெளியிட்டபோது, உடற்பயிற்சியோடு சேர்த்தும் குறிப்பிடும்படியான கூடுதல் பலனைக் காட்டவில்லை.

தண்டுவடத் தூண்டல் கருவி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்து விளம்பரங்களில் இப்போது அது அடிபடுகிறது. தண்டுவடத்தின் பின்னால் மெல்லிய கம்பி வைத்து, தோலுக்கடியில் பேட்டரி பதித்து, சிறு மின்துடிப்பால் வலியை மறைப்பது. 1967இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி தொடங்கியது. அறுவையில்லா முறை என்று விற்கப்பட்டாலும் பதிப்பதே ஒரு அறுவைதான். கனடாவின் ரெஜைனா நகர மருத்துவர் கிருஷ்ண குமார் தலைமையில் நூறு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. கருவி வைத்தவர்களில் 48 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்தில் கால்வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்குத்தான். ஆகா என்றார்கள். ஆனால் தன்னிடம் கருவி இருப்பது நோயாளிக்குத் தெரியும். 2022இல் வெளியான நார்வே ஆய்வொன்றில் 50 பேருக்குக் கருவி வைத்து, அவர்களுக்குத் தெரியாமல் சில மாதம் இயக்கியும் சில மாதம் அணைத்தும் பார்த்தார்கள். வித்தியாசமே இல்லை. சோதித்தது ஒரு வகைத் துடிப்பைத்தான், மற்ற வகைகளுக்கு இது பொருந்தாது என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். வாதம் முடியவில்லை. பல லட்சம் ரூபாய் செலவழிக்கிற ஒருவர் அந்த வாதம் முடியும்வரை பொறுத்தால் தவறில்லை என்பேன்.

பெல்ட், வெயிட் கட்டி இழுப்பது, கரண்ட் வைப்பது, அல்ட்ராசவுண்டு ஆகியவைதான் நம் ஊர்களில் ‘தெரபி’ என்ற சொல்லுக்குப் பொருளாகிவிட்டன. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு முதன்முறையாக வெளியிட்ட வழிகாட்டி, இந்த நான்கையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்கிறது. அந்த வழிகாட்டி தனிக் காரணம் தெரியாத இடுப்புவலிக்கானது, அறுவைக்குப் பிந்தைய வலியை அது நேரடியாகப் பேசவில்லை. ஆனாலும் அறுவை செய்த முதுகுக்கு மட்டும் பெல்ட் தசை வளர்த்துக் கொடுக்கப்போவதில்லை. கூடவே ஒரு எச்சரிக்கை: உள்ளே பிளேட், ஸ்க்ரூ இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் ஷார்ட்வேவ் சூட்டுச் சிகிச்சை கூடாது, உலோகம் சூடேறி உள்ளே சுட்டுவிடும். கரண்ட் வைக்கப் போகுமுன் “உள்ளே கம்பி இருக்கு” என்று நாமே சொல்லிவிட வேண்டும்.

மலையில் வேறு வைத்தியங்களும் உண்டு. நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பதை அத்தை விட்டதேயில்லை. சூடு தசையைத் தளர்த்தும், கொடுக்கிற கை ஆறுதல் தரும். மரத்துப்போன தோலுக்கு மட்டும் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியவரும். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று சொல்லும் மசாஜை, ஆறிப்போன முதுகில், இதமாகச் செய்தால் மறுப்பதற்கில்லை. மேற்சொன்ன வழிகாட்டியே மசாஜைப் பயன்தரக்கூடியவற்றில் சேர்த்திருக்கிறது. சுளுக்கு எடுக்கிறேன் என்று மடக்கித் திருகி ‘சடக்’ பண்ணுகிறவரிடம் பிளேட் வைத்த முதுகைக் கொடுக்கக் கூடாது. முதுகில் ஏறி மிதிப்பவரிடம் எந்த முதுகையும் கொடுக்கக் கூடாது.

இனி, நான் முக்கியமென்று நினைப்பது. நார்வேயில் 2006இல் வெளியான ஒரு ஆய்வு கிட்டத்தட்ட மாமாவைப் பற்றியது. ஜவ்வு அறுவை முடிந்தும் ஒரு வருஷத்துக்கு மேல் இடுப்புவலியோடு இருந்த அறுபது பேர். பாதிப் பேருக்கு ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைத்தார்கள். மறுபாதிக்குப் பேச்சும் பயிற்சியும். பேச்சு என்றால் உபதேசமில்லை: உங்கள் முதுகு எப்படி வேலை செய்கிறது, குனிவதால் அது உடைந்துவிடாது, நீங்கள் பயப்படும் அசைவையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்ப்போம் என்பது. ஒரு வருஷம் கழித்து இரு பக்கமும் ஏறத்தாழ பாதிப் பேர் தேறியிருந்தார்கள். கத்தி ஒரு அடிகூட முந்தவில்லை. அறுபது பேர் சின்ன எண்ணிக்கைதான். பேச்சும் பயிற்சியும்கூடத் தன் பக்கத்தில் பாதிப் பேரைத் தேற்றவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இரண்டாவது அறுவைக்கு நாள் குறிக்குமுன் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆய்வு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

முதல் ஜவ்வு அறுவைக்குப் பிந்தைய மறுவாழ்வைப் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2014இல் தொகுத்ததும் அதே திசையில்தான் போகிறது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கு வலியும் முடக்கமும் சீக்கிரம் குறைந்தன. அதனால் மறு அறுவை கூடவில்லை. அமெரிக்காவில் அறுவைக்கு முன்பே வலி எப்படி உருவாகிறது என்று உட்கார்ந்து விளக்கிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து அவர்களுக்கு வலி மற்றவர்களைப் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் அவர்கள் மருத்துவத்துக்குச் செலவழித்தது 45 விழுக்காடு குறைவு. வலிக்கும்போதெல்லாம் புது ஸ்கேனுக்கு ஓடவில்லை.

மாமாவின் டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்த்தேன். கீழே மூன்று வரி: குனியக் கூடாது. எடை தூக்கக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது. எத்தனை நாளைக்கு என்று இல்லை. முதல் சில வாரத்துக்கு அந்த எச்சரிக்கை நியாயம்தான். மருந்துப் பட்டைக்குக்கூடக் காலாவதித் தேதி அச்சடிக்கிறார்கள், இந்த மூன்று வரிக்கு அது இல்லை. காப்பித் தோட்டத்தில் குனியாமல் என்ன வேலை நடக்கும்? களையெடுக்க, சிந்திய பழம் பொறுக்க, களத்தில் காயும் கொட்டையை அள்ள, அடுப்பில் விறகு தள்ள, கக்கூஸில் உட்கார எல்லாவற்றுக்கும் குனிய வேண்டும். மாமா ஒவ்வொன்றாக விட்டார். விட விட இடுப்பு வலுவிழந்தது, வலுவிழக்க வலித்தது, வலிக்க வலிக்க டாக்டர் சொன்னது சரிதான் என்று பயம் உறுதிப்பட்டது.

ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்துதான் இதை அவிழ்த்தார். பையிலிருந்து கருவி எதையும் எடுக்கவில்லை. கேள்வி கேட்டார். “உங்களால இப்ப முடியாம, முடிஞ்சா நல்லாருக்கும்னு நினைக்கிற மூணு வேலை சொல்லுங்க ஐயா.” மாமா யோசித்துச் சொன்னார்: பழம் பொறுக்கணும், பேத்தியைத் தூக்கணும், சேர்வராயன் கோயிலுக்குள்ள போகணும். மலையுச்சியில் அந்தக் கோயில் ஒரு குகை. தாழ்ந்த வாசலில் உடம்பை மடக்கித்தான் உள்ளே நுழைய முடியும். நாலு வைகாசியாக வெளியில் நின்றே கும்பிட்டிருக்கிறார்.

அந்தப் பெண் போட்டுக்கொடுத்த திட்டத்தில் மாயம் ஒன்றுமில்லை. நடை, நாளுக்கு இரண்டு தடவை, எட்டு நிமிஷம். வலித்தாலும் எட்டு, வலிக்காவிட்டாலும் எட்டு. இதுதான் சூட்சுமம். நல்ல நாளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மூன்று நாள் படுக்கிற பழக்கத்தை உடைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டலாம். மலையில் சமதளம் ஏது என்று கேட்டார் மாமா. களம் இருக்கிறதே என்று சுற்றி வரச் சொன்னார். படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது, கட்டிலோரம் உட்கார்ந்து கைகளைக் கணுக்கால்வரை இறக்குவது, பிறகு நின்றபடி ஸ்டூலைத் தொடுவது, பிறகு வாளியை, பிறகு தரையை. ஸ்டூலிலிருந்து தரைக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. முதல்நாள் ஸ்டூலைத் தொடுமுன் மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். “மூச்சை விடுங்க ஐயா, மூட்டையா தூக்கறீங்க?” என்றார் அந்தப் பெண். பெல்ட்டைக் காலையில் ஒரு மணி நேரம் கழற்றுவது, பிறகு இரண்டு. பிரெகாபலினை மருத்துவரிடம் கேட்டு மூன்று வாரத்தில் குறைத்தார்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பதால் ராத்திரி டீ நின்றது. பீடி நாளுக்கு இரண்டாயிற்று. இன்னும் பூஜ்யமாகவில்லை.

பிளேட் வைத்தவர்கள் இதே பட்டியலைப் பார்த்துத் தாமாகச் செய்யக் கூடாது. எலும்பு ஒட்டிவிட்டதா என்று அறுவை செய்தவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எனக்கு இனி எது கூடாது, எதுவரை கூடாது?”

தமிழ்நாட்டுக்கு இது புதுப்பாடமும் இல்லை. முதுகெலும்புக் காசநோய்க்கு மருந்து மட்டும் போதுமா, அறுவையும் வேண்டுமா என்று சென்னையில் 304 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 1999இல் வந்தது. படுக்கவைக்காமல், நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டவர்கள் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பின்தங்கவில்லை. நோய் வேறுதான். ஆனால் முதுகு நடமாட்டத்தில் நொறுங்கிப் போகும் கண்ணாடி அல்ல என்று நம் ஊரே உலகத்துக்குக் காட்டியது. அதற்கும் முன்னால், 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் போய்ப் படித்துவந்து மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1966இல் வேலூரில் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு மையம் வந்தது, நாட்டிலேயே முன்னோடி. வெட்டி முடித்த பிறகு தொடங்குகிற மருத்துவம் ஒன்று உண்டு என்பதை அறுபது வருஷமாக அறிந்த மாநிலம் இது.

அறிந்தும் அது மலைக்கு வந்துசேர்வது அபூர்வம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அறுவைக்குக் கை கொடுக்கிறது; அது இல்லையென்றால் மாமா காப்பித் தோட்டத்தை அடகு வைத்திருப்பார். ஆனால் பிறகு வாரம் ஒருமுறை பயிற்சிக்குச் சேலம் இறங்குவதற்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கைக்காசு. போகவர அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது, நாற்பது வளைவு. வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய் வலியோடு திரும்புவதே மிச்சம். அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. முடங்கிப்போனவர்களுக்குத்தான் அது முதலில் போகிறது, போகவும் வேண்டும். அறுவை முடிந்து ஆறாவது வாரம் ஒருமுறை, மூன்றாவது மாதம் ஒருமுறை, வீட்டுக் களத்திலேயே வந்து பார்க்க ஒரு ஆள் இருந்தால், மாமா மாதிரி ஆட்களில் பாதிப் பேர் இரண்டாவது ஸ்கேனுக்கே போகமாட்டார்கள் என்பது என் எண்ணம். ஒரு ஸ்க்ரூவின் விலையில் எத்தனை பேருக்கு இரண்டு நடை வரலாம் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வலி முழுக்கப் போய்விட்டதா? இல்லை. பத்துக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது நாலு என்கிறார். குளிர்காலத்தில் பனி இறங்கினால் ஐந்து. மூட்டை தூக்க ஆள் வைத்திருக்கிறார்; பழம் பொறுக்குவது அவரேதான். பெல்ட் இன்னும் ஆணியில் தொங்குகிறது, எறிய மனசில்லை.

போன வைகாசி சேர்வராயன் திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். குகை வாசலில் கூட்டம். மாமா செருப்பைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தார், ஒரு கையைப் பாறையில் ஊன்றிக் குனிந்து உள்ளே போனார். அத்தை செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். கால்மணி நேரம் கழித்து நெற்றியில் திருநீற்றோடு தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார் மாமா.

“இடுப்பு எப்படி இருக்கு?” என்றார் அத்தை.

“இடுப்புக்கென்ன. நிமிரும்போது பாறையில மண்டை இடிச்சிருச்சு” என்றார்.